எபேசுவில் நான்கு மணி நேரம்

காலை ஏழரை மணிக்கு என் சட்டையில் 18 என்று எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினார்கள். கப்பலின் நாடக அரங்கில் நூற்றுக்கணக்கானவர்கள் காத்திருந்தோம். எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து வரிசையாக இறங்கி, அதே எண் போட்ட பஸ்ஸில் ஏற வேண்டும். துருக்கியில் குஷாதாசி என்ற துறைமுகம் அது. அங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் போனால் எபேசு. நான்கு மணி நேரத்துக்குள் மரியாள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் வீடு, எபேசு நகரத்தின் இடிபாடுகள், ஒரு கம்பளக் கடை, இந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

தனியாக டாக்ஸி பிடித்துப் போயிருக்கலாம். பாதிச் செலவில் முடிந்திருக்கும். ஆனால் முந்தின நாள் மாலையே ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள்: கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போகிறவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், சொந்தமாகப் போகிறவர்களுக்குக் காத்திருக்காது. சீட்டு விற்றுத் தீர்ந்தது. நானும் வாங்கினேன். பயம் காட்டிக் காசு வாங்கும் பூசாரிகளைப் பற்றி ஊர் ஊராகப் பேசியவன் நான். கரையில் தனியாக விடப்பட்டுவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு மடங்கு பணம் கட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நான் கேட்கப்போகும் கேள்விகள் எல்லாம் என்னிடமிருந்து தொடங்குபவை.

எபேசு என்றதும் கிறிஸ்தவ வாசகர்களுக்குப் பவுல் எழுதிய நிருபம் நினைவுக்கு வரும். எனக்கு அது ஹெராக்ளிட்டஸ் என்ற தத்துவஞானியின் ஊர். சிலையிடம் வேண்டிக்கொள்வது வீட்டிடம் பேசிக்கொண்டிருப்பதைப் போன்றது என்று இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொன்னவர் அவர். அதையும் ஆர்ட்டெமிஸ் தேவியின் மாபெரும் கோயில் இருந்த ஊரிலேயே வாழ்ந்துகொண்டு சொன்னார். அந்த மண்ணை ஒரு தடவை மிதிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அன்று முழுவதும் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை.

முதலில் புல்புல் மலைமேல் மரியாளின் வீடு. சிறிய கல் கட்டடம். ஒரு வாசல் வழியாக நுழைந்து, பீடத்தைப் பார்த்துவிட்டு, நிற்காமல் மறு வாசல் வழியாக வெளியே வந்துவிட வேண்டும். எனக்குப் பின்னால் வரிசையில் பஸ் 19 நின்றது. வெளியே வந்தால் மெழுகுவத்தி ஏற்ற மணல் தட்டுகள், அதைத் தாண்டித் தண்ணீர்க் குழாய்கள், பிறகு ஒரு சுவர். அந்தச் சுவர் முழுவதும் துணித் துண்டுகளும் காகிதக் கைக்குட்டைகளும் முடிச்சு முடிச்சாகத் தொங்கின. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து கல்லோடு ஒட்டிப்போயிருந்த அடுக்கின்மேல் புதிய அடுக்கு ஏறியிருந்தது.

எங்கள் பஸ்ஸில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். அந்த அம்மா தன் கைக்குட்டையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார். நெற்றியில் குங்குமம். கிழிசலை இரண்டு தடவை சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, அவிழ்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடமாம், குழந்தை இல்லையாம். "எந்தச் சாமியா இருந்தா என்னங்க. கேட்டா குடுக்காமயா போயிரும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆசையைப் பார்த்துக் கேலி பேசுகிறவனைப் பகுத்தறிவாளன் என்று நான் ஏற்கமாட்டேன். ஆனால் அந்தச் சுவரை அவருக்குக் காட்டியது யார் என்று கேட்டே ஆக வேண்டும்.

ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் அன்னா கத்தரீனா எம்மரிக் என்ற கன்னியாஸ்திரீ, நோயில் விழுந்து படுத்த படுக்கையாகக் கிடந்தவர், காட்சிகள் கண்டதாகச் சொன்னார். அவர் எபேசுவைப் பார்த்ததே இல்லை. 1824இல் இறந்துபோனார். அவர் சொன்னதாகக் கிளெமென்ஸ் பிரெண்டானோ என்ற கவிஞர் எழுதி வைத்தார். அந்தக் கவிஞரும் இறந்து பத்து வருடம் கழித்து, 1852இல், மரியாளின் வாழ்க்கையைப் பற்றிய அந்த நூல் வெளிவந்தது. 1881இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அதை நம்பி மலை ஏறி ஓர் இடிந்த கட்டடத்தைக் கண்டார். 1891இல் இஸ்மிர் நகரத்துப் பாதிரியார்கள் போய் இதுதான் அந்த வீடு என்றார்கள். படுக்கையில் கண்ட காட்சி, அதைக் கேட்டு எழுதிய கவிஞர், புத்தகத்தைப் படித்துவிட்டுத் தேடிப் போனவர்கள்: சான்று என்று இருப்பது இந்தச் சங்கிலி ஒன்றுதான். 2004இல் எம்மரிக்குக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது பிரெண்டானோவின் எழுத்துகளை வத்திக்கான் ஒதுக்கி வைத்துவிட்டது. எது அந்தப் பெண் சொன்னது, எது கவிஞர் சேர்த்தது என்று பிரிக்க முடியவில்லை. இது மரியாளின் வீடுதான் என்று கத்தோலிக்கத் திருச்சபை இன்றுவரை தீர்ப்பளிக்கவில்லை. போப்பாண்டவர்கள் ஆறாம் பவுல் 1967இலும், இரண்டாம் ஜான் பால் 1979இலும், பதினாறாம் பெனடிக்ட் 2006இலும் வந்து போனார்கள், அவ்வளவே. திருச்சபையே கையெழுத்துப் போடாத இடத்தில், பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய நாங்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு கதை தயாராக இருக்கிறது. ஆர்ட்டெமிஸ் என்ற தேவியைக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஊரில்தான் 431இல் கிறிஸ்தவப் பேரவை கூடி மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைப்பது சரி என்று முடிவு செய்தது. ஆகவே பழைய தேவிக்குத்தான் மரியாள் என்று புதுப் பெயர் வைத்தார்கள். இப்படி எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறோம்! பேரவை கூடியது உண்மை. தேவி இருந்ததும் உண்மை. ஒன்று மற்றதாக மாறியது என்பதற்கு என்ன ஆதாரம்? ஒரே ஊரில் அடுத்தடுத்து நடந்தன என்பதைத் தாண்டி என் கையில் எதுவும் இல்லை. கதை எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் நம்பியிருக்கிறேன். அந்த அம்மா முடிச்சுப் போட்டதற்கும் காரணம் அதுதான்.

கீழே இறங்கும்போது தூரத்தில் ஒற்றைத் தூணைக் காட்டினார் வழிகாட்டி. உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றாக எண்ணப்பட்ட ஆர்ட்டெமிஸ் கோயிலில் எழுந்து நிற்பது அது மட்டும்தான். அதுவும் உடைந்த துண்டுகளை அடுக்கி நிறுத்தியது. கிறிஸ்துவுக்கு முன் 356இல் அந்தக் கோயிலை ஒருவன் கொளுத்தினான். தேவி ஏன் தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை என்ற கேள்வி எழுந்தபோது பழங்காலத்து ஆள் ஒருவர் பதில் கண்டுபிடித்தார்: அன்றுதான் அலெக்ஸாண்டர் பிறந்தான், பிரசவம் பார்க்கத் தேவி மாசிடோனியாவுக்குப் போயிருந்தாள். சாமிக்காக நாம் சொல்லும் சாக்குக்கு நாடும் இல்லை, காலமும் இல்லை.

எபேசுவின் பெரிய அரங்கில் எங்களை உட்காரவைத்தார்கள். இருபத்தைந்தாயிரம் பேர் கொள்ளும் என்கிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் பத்தொன்பதாம் அதிகாரம் சொல்லும் கலவரம் நடந்த இடம் இது. தெமேத்திரியு என்ற தட்டான், தேவிக்கு வெள்ளியில் சின்னச் சின்னக் கோயில் செய்து விற்றவன். தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் அந்தத் தேவிக்குத் தியானாள் என்று பெயர். கையால் செய்த சாமி சாமியே அல்ல என்று பவுல் பிரசங்கம் செய்யத் தொடங்கியதும் தெமேத்திரியு தன் தொழில்காரர்களைக் கூட்டினான். முதலில் நம் பிழைப்பு போய்விடும் என்றான். அதற்கு அடுத்துத்தான் தேவியின் பெருமை போய்விடும் என்றான். அந்த வரிசையைக் கவனியுங்கள். பிறகு கூட்டம் இந்த அரங்கில் ஏறி இரண்டு மணி நேரம் தேவியின் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டது. எதற்காக வந்தோம் என்றே பெரும்பாலானவர்களுக்குத் தெரியவில்லை என்றும் அந்த அதிகாரம் சொல்கிறது.

அதை எழுதியவர் எவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கிறார்! நம்பிக்கையால் யாருக்கு வருமானம் என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாகக் கேட்க முடியாது. ஆனால் அதே வேதத்தை வாசிக்கிறவர்கள் அன்று காலை மலைமேல் சிறிய மரியாள் உருவங்களையும் மெழுகுவத்திகளையும் வாங்கிக்கொண்டுதான் கீழே இறங்கினார்கள். அடுத்தவன் சாமியைப் பார்க்கும்போது எல்லாருமே பகுத்தறிவாளர்கள்தான்.

அடுத்துப் பளிங்குத் தெரு. தரைக் கல் ஒன்றில் இடது பாதம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது, பக்கத்தில் ஒரு பெண்ணின் தலை. வழிகாட்டி குரலைத் தாழ்த்தினார். இதுதான் உலகத்தின் முதல் விளம்பரம். இடது பக்கம் போனால் தாசி வீடு என்று வழிகாட்டுகிறது. பாதம் இந்த அளவுக்குக் குறையாதவன்தான் உள்ளே போகலாம். எல்லாரும் சிரித்தோம். குனிந்து படம் எடுத்தோம். நான் என் செருப்புக் காலைப் பக்கத்தில் வைத்துக்கூடப் பார்த்தேன். கப்பலுக்குத் திரும்பி மேசையில் இருந்தவர்களுக்கு அந்தக் கதையைச் சொன்னேன்.

அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கல்லில் ஓர் எழுத்துகூட இல்லை. பாதத்தைக் கல்லில் செதுக்கும் வழக்கம் பழைய உலகத்தில் பல இடங்களில் இருந்தது. வேண்டுதலாகச் செதுக்கினார்கள், நான் இங்கே வந்தேன் என்று சொல்லவும் செதுக்கினார்கள். மலைமேல் வருடங்களையும் பெயர்களையும் வரிசையாக வைத்துச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்த நான், அதே காலையில் ஒரு பாதத்தைக் காட்டி ஒரு கதை சொன்னதும் அப்படியே விழுங்கிவிட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை? கதை சுவையாக இருந்தது. அதை நம்புவதால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. எனக்கு உடன்பாடில்லாத சாமி யாரும் அதில் இல்லை. மூடநம்பிக்கை எனக்குள் நுழையும் வழி இதுதான் என்று அன்று தெரிந்தது. சாமி வாசலில் காவல் போட்டுவிட்டு, சிரிப்புக்கும் வசதிக்கும் புறவாசலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

வழிகாட்டி நல்ல பெண் என்பதையும் சொல்ல வேண்டும். உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அந்த வெயிலில் எங்கள் நாற்பது பேரையும் ஒருவர் தவறாமல் எண்ணி எண்ணிக் கூட்டிப்போனார். ஒருவேளை அவரும் அந்தக் கதையை இன்னொரு வழிகாட்டியிடம் கேட்டிருப்பார். கேட்டதும் சிரித்த எங்களுக்கு அதில் பாதிப் பங்கு உண்டு.

செல்சஸ் நூலகத்தின் முகப்புதான் எல்லாரும் படம் எடுக்கும் இடம். 1970க்கும் 1978க்கும் இடையில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் விழுந்து கிடந்த கற்களைத் தேடிப் பொருத்தி எழுப்பிய முகப்பு. ஆனால் அதற்கு வலப்பக்கத்தில், நூலகத்தைப் பார்த்து நிற்கிறவர்கள் தவறவிட்டுவிடக்கூடிய மூன்று வளைவுகள் உள்ள ஒரு வாசல் இருக்கிறது. கடைவீதிக்குள் போகும் வாசல். கிறிஸ்துவுக்கு முன் 4 அல்லது 3இல் அதைக் கட்டியவர்கள் மஸேயுஸ், மித்ரிடாட்டஸ் என்ற இருவர். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் குடும்பத்தில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். மேலே பெரிய எழுத்தில் கல்வெட்டு. ஒரு காலத்தில் அந்தக் குழிகளில் வெண்கல எழுத்துகள் பதித்திருந்தன. அகஸ்டஸுக்கும் அவர் மனைவி லிவியாவுக்கும், மருமகன் அக்ரிப்பாவுக்கும் மகள் ஜூலியாவுக்கும் இதைச் சமர்ப்பிக்கிறோம் என்பது அதன் சாரம்.

"இங்கே அடிமைகளை விற்றார்கள்" என்றார் வழிகாட்டி. ரோமர் காலத்தில் எபேசு பெரிய அடிமைச் சந்தை என்பது கட்டுக்கதை இல்லை. வாரோ என்ற ரோம அறிஞர், சொற்கள் எப்படிப் பிறக்கின்றன என்று விளக்கும்போது எபேசுவில் வாங்கிய அடிமையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். மூன்று பேர் ஆளுக்கோர் அடிமையை அங்கே வாங்குகிறார்கள். ஒருவன் விற்றவனின் பெயரான ஆர்ட்டெமிடோரஸைச் சுருக்கி அடிமைக்கு ஆர்ட்டெமாஸ் என்று பெயர் வைக்கிறான். இன்னொருவன் அயோனியா என்ற வட்டாரத்தை வைத்து அயோன் என்கிறான். மூன்றாமவன் ஊரை வைத்து எபேசியஸ் என்கிறான். இலக்கணப் பாடத்துக்கு நடுவே வருகிறது இது. வாங்கப்பட்டவனுக்குத் தாய் வைத்த பெயர் என்ன என்று வாரோவுக்குத் தோன்றவே இல்லை. அவர் படித்தவர், நுட்பமானவர், எதையும் ஏன் என்று கேட்டே பழகியவர்.

எங்கள் குழுவில் எல்லாரும் ஐயோ பாவம் என்றார்கள். ஓர் ஆங்கிலேய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை அந்தக் காலம் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் தலையசைத்தோம். பிறகு கம்பளக் கடை. ஆப்பிள் தேநீர் கொடுத்தார்கள், ஒரு பெண் தறியில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக் காட்டினார், ஆண்கள் விலை பேசினார்கள். அங்கே ஒரு மணி நேரம் இருந்தோம். எபேசு நகரம் முழுவதற்கும் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான்.

என் அறையைக் கவனித்துக்கொண்ட பையன் குமரி மாவட்டம். நெஞ்சில் மாட்டியிருந்த பெயர் அட்டையில் இரண்டே அசையில் ஒரு பெயரும், அதன் கீழே இந்தியா என்றும் இருந்தன. முழுப் பெயர் நீளம், வெளிநாட்டுக்காரர்களுக்கு வாயில் நுழையாது என்று சுருக்கிக்கொண்டதாகச் சொன்னான். கம்பளக் கடையிலிருந்து திரும்பிய அன்று மாலை அவன் குளியல் துண்டில் யானை செய்துகொண்டிருந்தான். இரண்டு ஓரங்களையும் நடுவை நோக்கி இறுக்கி உருட்டி, மடித்து நான்கு காலாக நிறுத்தி, இன்னொரு துண்டைத் தும்பிக்கையாக வளைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் செருகினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"தம்பி, எபேசு பாத்திருக்கியா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். இந்தத் துறைமுகத்துக்கு எத்தனயோ தடவ வந்தாச்சு. கேட்டுக்கு வெளிய ஒரு கடையில வைஃபை கெடைக்கும். வீட்டுக்குப் பேசிட்டு ஓடி வந்துருவேன்."

அவன் ஒப்பந்தம் ஒன்பது மாதம். அதில் முழுநாள் விடுமுறை ஒன்றுகூட இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இரண்டு வழிகளை நாடுகளுக்குத் தருகிறது. ஒன்று, ஏழு நாளில் 72 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று உச்சவரம்பு வைக்கலாம். அல்லது, ஏழு நாளில் 77 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓய்வு தர வேண்டும் என்று வைக்கலாம். இரண்டாவது, கேட்பதற்குக் கருணையாக ஒலிக்கிறது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். 77 போனால் 91. அத்தனை மணி நேரம் வேலை வாங்கினாலும் சட்டம் மீறப்படவில்லை. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியபோது தொழிலாளர் உலகம் கேட்டுக்கொண்டிருந்தது நாளுக்கு எட்டு மணி நேர வேலை. அதே சிங்காரவேலர்தான் விஞ்ஞானத்தையும் நாத்திகத்தையும் பற்றித் தமிழில் எழுதிக் குவித்தவர். அவருக்கு இரண்டும் ஒரே வேலை. நமக்கு எப்போது இரண்டாகப் பிரிந்தன?

அந்தப் பையன் அடிமை அல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சொல்லை மிகையாகப் பயன்படுத்துவதும் ஒருவகைப் பொய். அவன் கையெழுத்துப் போட்டு வந்தான். சம்பளம் வாங்குகிறான். அதில் தங்கையின் கல்யாணம் நடந்திருக்கிறது. விரும்பினால் அடுத்த ஒப்பந்தத்துக்கு வராமல் இருக்கலாம். எபேசுவில் விற்கப்பட்டவனுக்கு இதில் எதுவும் இல்லை.

ஆனால் இதே உண்மைகளை வைத்து நான் ஒரு கதை கட்டியிருந்தேன்: ஊரில் கிடைப்பதைவிட இங்கே அதிகம் கிடைக்கிறது, அவன் சந்தோஷமாகத்தான் இருக்கிறான், பார், சிரிக்கிறான். இந்தக் கதையை எனக்குச் சொன்னது யார்? நானே. எப்படித் தெரியும்? அவன் சிரிப்பை வைத்து. பயணம் முடியும்போது நான் நிரப்பப்போகும் மதிப்பெண் படிவத்துக்காகவும் அவன் சிரிக்க வேண்டியிருக்கிறதே. யாருக்கு ஆதாயம்? எனக்கு. குறைந்த விலையில் பத்து நாள் ராஜாபோல இருந்துவிட்டு, மனம் உறுத்தாமல் இறங்கிப் போகலாம். மலைமேல் எம்மரிக்கின் காட்சிக்கு நான் வைத்த மூன்று கேள்விகளில் ஒன்றையாவது என் கதைக்கு வைத்திருந்தேனா? கடவுளிடம் ஆதாரம் கேட்கத் துணிச்சல் வேண்டும் என்று சொல்லிக்கொள்கிறோம். நம் ஊர் நிலைமையில் அது உண்மையும்கூட. ஆனால் என் சோற்றுத் தட்டு எப்படி மேசைக்கு வந்தது என்று கேட்க எனக்கு இருந்த தயக்கத்தை நினைத்தால், கடவுளை மறுத்தது எனக்குச் சுலபமான வேலையாகவே இருந்திருக்கிறது.

மறுநாள் வரவேற்பு மேசைக்குப் போய், என் அறைப் பணியாளர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார், நான் தினமும் கட்டும் சேவைக் கட்டணத்தில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். பயணம் முடியும்வரை பதில் வரவில்லை. என்னோடு வந்த நண்பர்கள் இருவரைக் கூப்பிட்டேன், எல்லாரும் சேர்ந்து கேட்போம் என்று. இருவரும் என்னோடு மேடை ஏறியவர்கள், கறுப்புச் சட்டைக்காரர்கள். விடுமுறைக்கு வந்த இடத்தில் எதற்கு இதெல்லாம் என்றார்கள். கோயில் திருவிழாவுக்கு வந்த இடத்தில் எதற்குக் கேள்வி என்று எங்களிடம் சொன்னவர்களை மூவரும் சேர்ந்து மறுத்துப் பேசியிருக்கிறோம்.

கடைசி இரவு அந்தப் பையன் எபேசு படங்களைக் காட்டச் சொன்னான். ஃபோனைக் கொடுத்தேன். அரங்கையும் நூலகத்தையும் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனவன், மூன்று வளைவு வாசலில் நிறுத்தினான். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். கட்டிய இருவரும் யார் என்று சொன்னேன். யார் யாருக்குச் சமர்ப்பித்தார்கள் என்றும் சொன்னேன். எழுத்துகள் தெரியும்படி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"விடுதல கெடச்ச பொறவும் மொதலாளி பேரத்தான் மேல எழுதி வச்சிருக்காங்களா சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நன்றியாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம் என்றேன். அவன் இடுப்பில் இருந்த கருவி ஒலித்தது. ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து அறைக்கான துண்டுகளை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போனான். மேசைமேல் அவன் வைத்துவிட்டுப் போன மதிப்பெண் படிவம் இருந்தது.